ஒரு பல் தள்ளிய ஸ்டீயரிங்

அத்தியாயம் 3

பொய் சொல்கிறவன் ஒரு காரணம்தான் சொல்வான் என்பது அண்ணியின் கட்சி. மூன்று காரணம் சொல்கிறவன் ஒன்று அசடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உண்மை பேசுகிறவனாக இருக்க வேண்டும். லாரி டிரைவர் இந்த இரண்டில் எந்த ரகம் என்று பார்க்கத்தான் அண்ணியும் அவருடைய கொழுந்தனாரும் அன்று முற்பகல் வெயிலில் லாரி ஷெட்டுக்கு வந்திருந்தார்கள்.

அண்ணி என்பது பெயரல்ல, உறவு. கணவரின் தம்பி உதவியாளராக வந்து ஒட்டிக்கொண்டு, வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், ஆபீஸுக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். துப்பறிய வருவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைச் சோதிக்கிற வேலை. நசுங்கிய வண்டிகளோடு பழகினவர் என்பதால் மனிதர்கள் முறைத்தால் அவருக்கு உறைப்பதில்லை. கொழுந்தனாரும் இதற்கு முன் பல வேலைகள் பார்த்தவர்தான். எந்த வேலையிலும் வாய் நின்றதே தவிர ஆள் நிற்கவில்லை.

வழக்கு சின்னது. போன திங்கட்கிழமை காலை, டிரைவர் லோடு வண்டியை ஷெட்டுக்குள் திருப்பியபோது, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்த காவலாளியின் கால் பம்பருக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டி முறிந்தது. காவலாளி ஆஸ்பத்திரியில். டிரைவர் தூங்கிவிட்டான் என்றார் முதலாளி. ஹார்ன் அடித்தேன், சத்தம் வரவில்லை என்றார் டிரைவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏர்பேக் விளக்கும் எரிந்தது, க்ரூஸ் கன்ட்ரோலும் வேலை செய்யவில்லை என்று கூடச் சேர்த்துச் சொல்லித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டார்.

தூங்கினேன் என்று இன்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் போலீஸில் புகார் என்று முதலாளி கெடு வைத்திருந்தார். எழுதிக் கொடுத்தால் வேலையும் லைசென்ஸும் போகும். கொடுக்காவிட்டால் அவற்றோடு ஜெயிலும் சேரும். அண்ணியைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதது டிரைவரின் மனைவி.

அந்த மனைவி இப்போது ஷெட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி இரண்டு போன்களையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பேசினார்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. ஒரே வண்டியில ஒரே நாள்ல மூணு கோளாறா? மூணும் கூடிப் பேசி வெச்சுக்கிட்டுதான் போகணும்."

"க்ரூஸ் கன்ட்ரோல்னா என்னங்க?" என்று கொழுந்தனார் ஷெட்டு மெக்கானிக்கின் காதருகே கேட்டார்.

மெக்கானிக் நரைத்த மீசைக்காரர், சிரிக்கும் பழக்கமில்லாதவர். "ஒரு வேகத்தை வெச்சுட்டா, பெடல்ல கால் வைக்காமயே வண்டி அதே வேகத்துல போயிட்டிருக்கும். நாம சும்மா உக்காந்திருந்தா போதும்."

"எங்க அண்ணன் மாதிரி. கல்யாணம் ஆன நாள்லேருந்து க்ரூஸ்லதான் ஓடறாரு."

"தம்பி," என்றார் அண்ணி, வண்டியின் உள்ளேயிருந்து. "கீழ குனிஞ்சு முன் டயரைப் பாருங்க. நேரா இருக்கா, கோணலா இருக்கா?"

கொழுந்தனார் குனிந்து பார்த்தார். "டயர் நேராத்தான் இருக்கு அண்ணி. இடுப்புதான் கோணிடுச்சு."

அண்ணி ஸ்டீயரிங்கை ஒரு பார்வை பார்த்தார். ஹார்னை அமுக்கினார். வண்டி ஊமையாக இருந்தது. சாவியைத் திருப்பினார். ஏர்பேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை. க்ரூஸ் பொத்தானைத் தட்டினார். எந்த விளக்கும் வரவில்லை.

"ஃபியூஸ் பாத்துட்டேங்க. நல்லாருக்கு," என்றார் மெக்கானிக். "ரிலேயும் மாத்திப் பாத்தேன்."

"ஹார்னுக்கு நேரா கரண்ட் குடுங்க."

மெக்கானிக் ஒரு ஒயரை பேட்டரியிலிருந்து இழுத்து ஹார்னில் தொட்டார். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. ஹார்னுக்கு ஓர் அடி தூரத்தில் நின்றிருந்த கொழுந்தனார் பையைக் கீழே போட்டார்.

"ஹார்ன் உயிரோடதான் இருக்கு," என்றார் அண்ணி.

"என்னது?" என்றார் கொழுந்தனார், காதைத் தேய்த்துக்கொண்டே.

அண்ணி இறங்கி வந்து முதலாளியின் முன் நின்றார். "ஒரு தெருவுல மூணு வீடு. மூணு வீட்டுலயும் ஒரே நேரத்துல தண்ணி நின்னுபோச்சு. மூணு வீட்டுக் குழாயும் கெட்டுப்போச்சுன்னு சொல்வீங்களா?"

"அது எப்படி? தெருவுல மெயின் குழாய் உடைஞ்சிருக்கும்."

"அதேதான். ஸ்டீயரிங் சக்கரத்துல இருக்கற மூணுக்கும் கரண்ட் ஒரே வழியாத்தான் போகுது. சக்கரத்துக்கு அடியில ஒரு வட்டப் பெட்டி. அதுக்குள்ள சுருட்டி வெச்ச ஒரு நாடா."

"கிளாக் ஸ்பிரிங்," என்றார் மெக்கானிக் மெதுவாக. ஒரு வாரமாக முதலாளி இந்த வண்டியில் ஃபியூஸ், ரிலேயைத் தாண்டி எதையும் தொட விடவில்லை என்ற வருத்தமும் அந்தக் குரலில் இருந்தது.

"கழட்டுங்க," என்றார் அண்ணி.

பேட்டரி இணைப்பை எடுக்கப் போன மெக்கானிக்கை நிறுத்தி, அண்ணி முதலில் டாஷ்போர்டைத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு தலையசைத்தார். மெக்கானிக் ஏர்பேக்கை எடுத்து, நடு நட்டைக் கழற்றி, சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டி முறுக்கினார். ஸ்டீயரிங் கையோடு வந்தது. வட்டப் பெட்டியைத் திறந்ததும், சுருள் நாடா ஓர் ஓரத்தில் கிழிந்து தொங்கியது.

"ஆகா," என்றார் முதலாளி. இரண்டு போன்களையும் பைக்குள் போட்டார். நியாயமான ஆள்தான், மறுக்க வழியில்லாத இடத்தில். "சரி. வண்டி பழசு, நாடா பிஞ்சிருச்சு. அப்ப இவன் தூங்கல. அவ்வளவுதானே?"

சுவரோரம் நின்றவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டயர்மேல் இருந்தவர் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார். கொழுந்தனார் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மூன்றாவது அத்தியாயத்திலேயே ஒரு வழக்கு முடிவது அவருக்குப் புதிது.

வேலை முடிந்த பிறகும் ஒரு கேள்வி கேட்பது அண்ணிக்கு வியாதி.

"டிரைவர், மூணும் எப்ப எப்பப் போச்சு?"

டிரைவர் எழுந்து நின்றார். "க்ரூஸ் வீட்லேருந்து கிளம்பினதுலேருந்தே இல்லைங்க. வழிபூரா பெடல்ல கால வெச்சே வந்தேன். மத்த ரெண்டும் இங்க வந்துதான். கேட்டுக்குள்ள வர ஸ்டீயரிங்கை ஃபுல்லா ஒடிச்சுத் திருப்பினேன், சிவப்பு விளக்கு எரிஞ்சுது. காவலாளி முன்னாடி நிக்கறாரு. அமுக்கறேன், அமுக்கறேன், சத்தமே வரல. பிரேக்கை மிதிச்சேன்."

"அப்ப மூணும் சேந்து போகல," என்றார் அண்ணி. "ரெண்டுதான் சேந்து போச்சு. ஒண்ணு முன்னாடியே போயிடுச்சு."

கொழுந்தனார் ஜிப்பை மறுபடி திறந்தார்.

அண்ணி கழற்றிய ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். க்ரூஸ் பொத்தானின் ஒயர் அதன் ப்ளக்கிலிருந்து தனியாக எடுக்கப்பட்டிருந்தது. அறுக்கவில்லை, ஒடிக்கவில்லை. பொறுமையாகக் கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, டேப்பின் கடைசி முனையைச் சின்னதாக மடித்து விட்டிருந்தார்கள்.

"மடிச்சது எதுக்குன்னு தெரியுதா தம்பி?"

"அழகுக்கா?"

"மறுபடி பிரிக்கணும்னு நினைக்கறவங்கதான் முனையை மடிப்பாங்க. நகத்துல சுரண்டாம ஒரே இழுப்புல வந்துடும்."

மெக்கானிக் ஸ்டீயரிங் தண்டின் பற்களையும் சக்கரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "மேடம், ஏற்கெனவே யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. இதுல குறி இருக்கு பாருங்க. ஒரு பல் தள்ளி மாட்டியிருக்காங்க," என்றார். "டயர் நேரா இருக்கறப்போ சக்கரம் லேசா சாஞ்சிருந்துச்சு. அதைத்தானே முதல்லயே பாத்தீங்க? கழட்டறதுக்கு முன்னாடி அந்தச் சுருளை அசையாம டேப் போட்டு ஒட்டணும். ஒட்டலேன்னா அது இஷ்டத்துக்குச் சுத்திக்கும். அப்புறம் மாட்டினா நேர் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. முதல் தடவை ஃபுல்லா ஒடிக்கறப்போ நாடா பத்தாம பிஞ்சிடும்."

"இங்க கேட்டுல ஒடிச்ச மாதிரி," என்றார் அண்ணி.

முதலாளியின் நியாயம் அந்த இடத்தோடு தீர்ந்துபோனது. "புரிஞ்சுபோச்சு! வண்டி ஞாயித்துக்கிழமை மதியத்துலேருந்து இவன் வீட்டு வாசல்ல நின்னுச்சு. இவனே கழட்டி, இவனே கெடுத்து, இப்ப என்கிட்ட கதை அளக்கறான். தூங்கினதுக்கு முன்கூட்டியே சாக்கு ரெடி பண்ணியிருக்கான் மேடம்!"

"விபத்து நடக்கும்னு முந்தின நாளே தெரிஞ்சு," என்றார் கொழுந்தனார். "இவரை லாரிக்கு எதுக்கு வெச்சிருக்கீங்க? ஜோசியத்துக்கு வெச்சா நல்லா ஓடும்."

அண்ணி போனில் எடுத்த படத்தை முதலாளியிடம் நீட்டினார். டாஷ்போர்டு கடிகாரம் தெரிந்தது. "படம் எடுத்தப்போ மணி பதினொண்ணரை. இது ஏழரைங்குது. டிரைவர், இது எப்பலேருந்து தப்பா ஓடுது?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றப்போ சரியா இருந்துச்சுங்க. திங்கக்கிழமை விடியக்காலை ரெண்டு மணிக்கு எடுக்கறப்போ தப்பு. பழைய வண்டிதானேன்னு விட்டுட்டேன்."

"ஸ்டீயரிங்ல கை வைக்கத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் முதல்ல பேட்டரியைக் கழட்டுவாங்க. திருப்பி மாட்டினதும் இந்தக் கடிகாரம் பன்னெண்டுலேருந்து ஆரம்பிக்கும். நாலு மணி நேரம் பின்னாடி இருக்குன்னா, நாலு மணிக்கு யாரோ பேட்டரியைத் திருப்பி மாட்டியிருக்காங்க."

"விடியக்காலை நாலா இருந்தா?" என்றார் கொழுந்தனார். கேட்டதும் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். "அப்ப வண்டி ரோட்டுல ஓடிட்டிருந்துச்சு. சரி, சாயங்காலம்தான்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டிரைவர் எங்க இருந்தாருன்னு யாருக்காவது தெரியுமா?"

முதலாளி தொண்டையைச் செருமினார். ஒரு பொய்யைச் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. ஆனால் மெக்கானிக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் இருந்தான். என் ரூம்ல. மூணு மணிக்கு வந்தவன் அஞ்சு மணி வரைக்கும் போகல."

"எதுக்கு வந்தாரு?"

"லீவு கேட்டான். ஒரே ஒரு நாள் தூங்கணுமாம். லோடு நிக்குதேன்னு திட்டிட்டிருந்தேன்."

கொழுந்தனார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வழக்குகளில் சாட்சியைத் தேடி ஊர் ஊராக அலைந்திருக்கிறார். புகார் சொன்னவரே எதிராளிக்குச் சாட்சியாக நிற்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

அவமானப்பட்ட முதலாளிக்கு உடனே வேறொரு ஆள் தேவைப்பட்டது. ஆள் பக்கத்திலேயே புல்லரும் கையுமாக நின்றிருந்தார்.

"ஏய்யா, புல்லர் உன்கிட்டதானே இருக்கு? ஸ்டீயரிங் கழட்டத் தெரிஞ்சவன் இந்த ஷெட்டுல நீ ஒருத்தன்தான். ஞாயித்துக்கிழமை நீ எங்க இருந்த?"

மெக்கானிக் புல்லரைக் கீழே வைத்தார். "வீட்லதாங்க. தனியா இருந்தேன்."

"தனியா! இவனுக்கு வேண்டப்பட்டவன்தானே நீ? ரெண்டு பேரும் சேந்துதான் இந்த வேலை. சாவியை வெச்சுட்டு வெளிய போ. இன்னியோட சரி."

மெக்கானிக் சண்டை போடவில்லை. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை அவிழ்க்க முயன்றார். வளையம் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. இத்தனை வயதுக்கு மேல் வேறு எந்த ஷெட்டில் சேர்ப்பார்கள் என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது. பார்க்கச் சகிக்கவில்லை.

"அண்ணி, ஏதாவது சொல்லுங்க," என்று முணுமுணுத்தார் கொழுந்தனார். "இந்த ஆளு டேப் போட்டு ஒட்டணும்னு தெரிஞ்சவரு. ஒட்டாமக் கழட்டியிருக்க மாட்டாரு."

"தெரியும்."

"அப்ப சொல்லுங்களேன்."

"நான் சொல்ல வேண்டியது இல்ல தம்பி."

அண்ணி எங்கே பார்க்கிறார் என்று கொழுந்தனார் பார்த்தார். சுவரோரம். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் டிரைவர் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தபோது மேஜைமேல் ஒரு இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதன் ஒயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. முனை மடித்திருந்தது. "வீட்டுக்காரர் கைவேலையா?" என்று கேட்டதற்கு, "அவருக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாது" என்று அந்தப் பெண் சிரித்திருந்தாள்.

அவள் பேசாமல் இருந்தால் போதும். கணவன் தப்பித்தாயிற்று. இன்னும் ஐந்து நிமிஷத்தில் மெக்கானிக் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார். அண்ணி வாயைத் திறப்பதாகத் தெரியவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"அவரை விட்டுடுங்க," என்றாள். சுவரை விட்டு முன்னால் வந்தாள். "நான்தான் கழட்டினேன்."

முதலாளி திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ போம்மா அந்தப் பக்கம். புருஷனைக் காப்பாத்தணும்னு..."

"எங்கப்பா பட்டறை வெச்சிருந்தாரு. கல்யாணம் ஆகற வரைக்கும் நான் அங்கதான் வேலை பாத்தேன். அவரோட புல்லர் என்கிட்டதான் இருக்கு." இப்போது அவள் மெக்கானிக்கைப் பார்த்துப் பேசினாள், அவருக்குத்தான் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள்போல. "பழைய வண்டிங்க அண்ணே, எல்லாம். சக்கரத்துக்கு அடியில பித்தளை வளையம் இருக்கும், அதை ஒரு கரித்துண்டு தொட்டுக்கிட்டு நிக்கும். எத்தனை சுத்து சுத்தினாலும் எப்படி மாட்டினாலும் ஹார்ன் அடிக்கும். ஸ்டீயரிங்ல எதைத் தொடறதா இருந்தாலும் எங்கப்பா முதல்ல சக்கரத்தைக் கழட்டச் சொல்வாரு. அதே பழக்கத்துல கழட்டிட்டேன். இதுல நாடா இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"க்ரூஸ் ஒயரை எடுக்கச் சக்கரத்தைக் கழட்டவே வேண்டாமேம்மா," என்றார் மெக்கானிக். கோபமில்லாமல், நிஜமான ஆச்சரியத்தோடு.

"இப்பதாண்ணே தெரியுது. எல்லாத்தையும் மாட்டிட்டு ஹார்ன் அடிச்சுப் பாத்தேன். அடிச்சுது. சிவப்பு விளக்கும் அணைஞ்சுது. நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். இது கற்பனை செய்து சொல்லக்கூடிய தப்பு இல்லை என்று அந்த முகம் சொன்னது.

"நீ கழட்டினதுனால ஒருத்தன் கால் போச்சும்மா," என்றார் முதலாளி. "இப்ப உன்மேலதான் கம்ப்ளெயின்ட் குடுக்கணும்."

"குடுங்க. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்கிட்ட நானே சொல்லிடறேன். கால் அவரோடது."

டிரைவர் நடந்து வந்து மனைவியின் எதிரில் நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று கொழுந்தனார் ஒரு அடி முன்னால் வைத்தார். அவர் அடிக்கிற ஆள் இல்லை. குழம்பிப்போயிருந்தார், அவ்வளவுதான்.

"க்ரூஸை எதுக்குக் கழட்டின?"

"கால் சும்மா இருந்தா நீங்க தூங்கிடுவீங்கன்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். சனிக்கிழமை சாப்பாடு போட்டு வெச்சுட்டு, பக்கத்துல உக்காந்து சொன்னேன். இந்தப் பொத்தானைப் போட்டு ஓட்டாதீங்க, பயமா இருக்குன்னு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கையில எடுத்த கவளம் கையிலயே இருந்துச்சு. நீங்க தூங்கிட்டீங்க. கையைக் கழுவி விட்டுப் படுக்க வெச்சேன். அதுகூட உங்களுக்குத் தெரியாது."

முதலாளியின் பைக்குள் ஒரு போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் இன்னொரு போன் அடித்தது. அதையும் எடுக்கவில்லை. மெக்கானிக்கிடம், "சாவியை இடுப்புலயே வெச்சுக்க," என்றார். டிரைவரிடம், "நீ ஒண்ணும் எழுதிக் குடுக்க வேணாம்," என்றார். புகாரைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை. ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும் அண்ணி?" என்று கொழுந்தனார் காரைத் திறந்துகொண்டே கேட்டார்.

"அவங்க வீட்டு இஸ்திரிப் பெட்டியில இருந்த அதே மடிப்பை இந்த டேப்புல பாத்ததும் தெரிஞ்சுது. கெடுக்க வந்தவங்க இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்ய மாட்டாங்க."

"அவங்க பேசாம இருந்திருந்தா?"

"இருந்திருக்க மாட்டாங்க."

"இருந்திருந்தா?"

"நான் பேச வேண்டியிருந்திருக்கும். எனக்கு அது பிடிச்சிருக்காது," என்றார் அண்ணி. அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வராது என்று கொழுந்தனாருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குத் தன் காரிலேயே கொண்டுபோய் விடுவதாக அண்ணி சொல்லிவிட்டார். டிரைவரும் மனைவியும் பின்சீட்டில் ஏறினார்கள். காவலாளியிடம் எப்படி ஆரம்பிப்பது, முதலில் மன்னிப்புக் கேட்பதா, நடந்ததைச் சொல்வதா என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே வந்தாள். கணவர் முதலில் "உம்" கொட்டினார். பிறகு அதுவும் நின்றது.

கார் ஷெட்டு வாசலுக்கு வந்தது. கேட்டு மூடியிருந்தது. காவலாளி இல்லாததால், ஹார்ன் அடித்தால் யாராவது ஓடி வந்து திறந்து விடுவார்கள். கொழுந்தனார் ஹார்னில் கை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தார். டிரைவரின் தலை மனைவியின் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு, தோள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கொழுந்தனார் ஹார்னிலிருந்து கையை எடுத்தார். கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கிப் போய், கேட்டைத் தானே தள்ளித் திறந்தார்.